மூணாவது கட்டை

அண்ணாச்சி, எனக்கு ஒரு உதவி செய்யணும். நான் இந்தச் செவரப் பாத்து உக்காந்துக்கிடுதேன். அந்தக் கதவு தொறந்தா நீங்க பாத்துச் சொல்லுங்க. டாக்டரம்மா வந்து, மொகம் நல்லா இருந்துச்சுன்னா 'வாராங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மொகம் நல்லா இல்லைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் புரிஞ்சுக்கிடுவேன்.

உள்ள இருக்கது என் வீட்டுக்காரி. சங்கரவடிவு. வலது கண்ணு. ரெண்டு மணி நேரமா உள்ள வச்சிருக்காங்க. உங்களுக்கு யாரு, அம்மாவா? புரையா? அது நாள் குறிச்சு, சாப்புட்டு, தலை சீவிட்டு வந்து செய்யுத காரியம்லா. எங்களுக்கு அப்படி இல்ல. காலைல ஒம்பது மணிக்கு நல்லா இருந்த கண்ணு இது.

அண்ணாச்சி, காலு, காலு! காலை இந்தப் பக்கம் எடுங்க. பெஞ்சுக்கு அடியில அந்த மஞ்சப்பை இருக்குல்லா, அதுல பட்டுராம. உள்ள ஒரு சாமான் இருக்கு. வீட்டுல விட்டுட்டு வந்தா தீப்பிடிச்சிருமோன்னு பயம், கையில வச்சிருந்தா வெடிச்சிருமோன்னு பயம். அதான் அடியில வச்சிருக்கேன். நீங்க பயப்படாதீங்க. கொஞ்சம் தள்ளி மட்டும் உக்காருங்க.

பேட்டரி லைட்டு அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல.

எங்களுக்குப் புளியங்குடிக்கு மேக்க, மலையடிவாரத்துல எலுமிச்சத் தோப்பு. ஒன்றரை ஏக்கர். கெணத்துல மோட்டாரு. அந்த மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு வேணும், அது முறை வச்சுத்தான் வரும். இந்த வாரம் எங்க முறை விடியக்கால நாலரை மணி. அந்நேரம் இருட்டு எப்படி இருக்கும்னு டவுன்ல இருக்க உங்களுக்குத் தெரியாது. வீட்டுலேருந்து மோட்டார் ரூமுக்கு இருநூறு எட்டு. ரெண்டு பக்கமும் எலுமிச்ச மரம், நம்ம ஒசரத்துக்கு. அதுக்குள்ள என்ன நின்னாலும் தெரியாது. பங்குனியில ஒரு நா கெணத்து மேட்டுல கரடி நின்னுச்சு. பயம்னு இல்ல, ரெண்டு நாள் காய்ச்சல் கெடந்தேன், அவ்வளவுதான்.

அதனால நாங்க ரெண்டு பேருமாத்தான் போவோம். அவ லைட்ட அடிச்சுக்கிட்டு முன்னால போவா. நான் பின்னால. பின்னால ஒரு ஆளு காவல் வேணும்லா? முப்பது வருசமா அப்படித்தான்.

நல்ல லைட்டு அண்ணாச்சி. எவர்சில்வர். மூணு கட்டை பேட்டரி உள்ள போகும். அடிச்சா கெணத்தடி வரைக்கும் பகல்தான். கட்டை சீக்கிரம் சீக்கிரமாத் தீந்து போகுதுன்னு, மதுரைக்குப் போயிருக்கையில ரொம்ப நாள் வரும்னு சொல்லி ஒரு புதுமாதிரிக் கட்டை வாங்கியாந்தேன். நல்லாத்தான் எரிஞ்சுச்சு. பொறவு மங்குச்சு. மங்குனா என்ன செய்வோம்? எல்லாரும் செய்யுததுதான். வெளிய எடுத்து, ஓட்டு மேல வெயில்ல காய வச்சு, திரும்பப் போடுதது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். ரெண்டு நா வெயில் காஞ்சா நாலு நா எரியும். நீங்களும் செஞ்சிருப்பீங்க. சிரிக்காதீங்க, உங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது.

அந்தக் கட்டை உள்ள கொஞ்சம் லொடலொடன்னு ஆடுச்சு. ஆடுனா வெளிச்சம் விட்டு விட்டு வரும். அதுக்கும் வழி இருக்கு, காலண்டர் தாளைக் கிழிச்சு கட்டையச் சுத்திவர ஒரு சுத்து சுத்திப் போட்டா இறுக்கமா நிக்கும்.

திங்கக்கெழமை விடியக்கால ஸ்விச்ச அமுக்குதோம், வரல. தட்டிப் பாத்தோம், வரல. பொழுது விடிஞ்சதும் பின்மூடியைக் கழத்தி கவுத்துனா ரெண்டு கட்டை தடதடன்னு விழுந்துச்சு. மூணாவது வரல. கண்ணாடிப் பக்கம் கடைசியில இருக்குமே, அது. சுத்திவர வெள்ளையா, உப்புப் பூத்த மாதிரி. உள்ள போய் உக்காந்துக்கிட்டு அசையவே மாட்டேங்கு சவம்.

திங்க, செவ்வா, புதன். மூணு நாளும் லைட்டு இல்ல. மோட்டாரு போடாம இருக்க முடியுமா? காய் பிடிச்சிருக்க நேரம், தண்ணி இல்லைன்னா பிஞ்சு பூராவும் உதுந்துரும். மூணு நாளும் அவதான் போய்ப் போட்டுட்டு வந்தா. நானும் போயிருப்பேன். அந்த மூணு நாளும் பாத்து எனக்கு முழங்கால் வலி. என்ன பாக்கீங்க? வலி வந்தா வலிதான். படுத்திருந்தேனே தவிர ஒறங்கல. மோட்டாரு சத்தம் கேக்க வரைக்கும் கண்ணைத் தொறந்துக்கிட்டுதான் கெடந்தேன். சத்தம் கேட்டா, அவ போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம். அதுக்குப் பொறவு திரும்பி வரணுமே.

யாரு வாரா? சிஸ்டரா? பாட்டிலா? இன்னும் ரெண்டு பாட்டிலா? நானும் எண்ணிக்கிட்டே வாரேன், இதோட ஏழு பாட்டில் மருந்துத் தண்ணி உள்ள போயிருக்கு. முள்ளுக்கு எதுக்கு அண்ணாச்சி ஏழு பாட்டில் தண்ணி?

ஆமா, முள்ளுன்னுதான் சொல்லியிருக்கேன். வந்த உடனே அவளைத் தள்ளுவண்டியில வச்சு உள்ள கொண்டு போயிட்டாங்க. என்னையப் பேரு எழுதுத எடத்துல நிப்பாட்டி, 'கண்ணுல என்ன பட்டுச்சு'ன்னு சிஸ்டர் கேட்டுச்சு. எலுமிச்ச முள்ளுன்னு சொல்லிட்டேன். நெனச்சுச் சொல்லல, நாக்கு அதுவாச் சொல்லிட்டு. தோப்புக்காரன் சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கள்லா. முள்ளும் அங்கன அரை விரல் நீளத்துக்கு இருக்கு.

மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. முள்ளு இல்ல. இந்தா, இந்தப் பையில இருக்க சனியன்தான். பேட்டரி வெடிச்சுதுன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிரும்லா? யாரு தட்டுனா, யாரு புடிச்சான்னு எழுதுவாங்கள்லா? வெடிச்சுதுன்னும் சொல்ல முடியாது, பீச்சுச்சு. அவ்வளவுதான்.

சொல்லுதேன், சொல்லுதேன். என்னைய அப்படிப் பாக்காதீங்க.

நேத்து நான் லைட்டைத் தூக்கிக்கிட்டு புளியங்குடிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மைதீன் பாய் கடை. ரேடியோ, மிக்ஸி எல்லாம் ரிப்பேர் பாப்பாரு. லைட்டைத் தொறந்து ஒரு பார்வைதான் பாத்தாரு, உடனே மேசை மேல வச்சுட்டுக் கையைக் கழுவப் போயிட்டாரு. திரும்பி வந்து கேக்காரு, 'வே சொரிமுத்து, இதை வெயில்ல வச்சியா?'ன்னு. நாலு பேரு கடையில நிக்காங்க. நான் இல்லைன்னேன். 'இது பழைய மாதிரிக் கட்டை இல்லவே. இதுக்குள்ள இருக்கது காரத் தண்ணி, சுண்ணாம்பு மாதிரி அரிக்கும். ஒழுகி, அந்தத் தாளும் ஊறி உப்பிப் போயி அடைச்சுக்கிட்டு இருக்கு. விட்டுட்டுப் போ, வெள்ளிக்கெழமை எடுத்துத் தாரேன்'னாரு.

வெள்ளிக்கெழமைன்னா இன்னும் ரெண்டு விடியக்காலம். எனக்கு முழங்கால் வலி சரியாயிட்டு வேற. என்ன சொல்லிப் படுத்துக்கிடுதது? நானே எடுத்துக்கிடுதேன் பாய்னு லைட்டை வாங்கிக்கிட்டேன். அவருக்குக் கோவம். கோவத்துலயும் என்னமோ நீளமாச் சொன்னாரு. பஸ்ல ஏறுத வரைக்கும் வாசல்ல நின்னு சொன்னாரு. தட்டாத, சூடு காட்டாத, ஒங்க தோப்புல கெடக்கே எலுமிச்சம்பழம், அதுல ரெண்டு சொட்டு விட்டு வையின்னு. கேட்டுக்கிட்டேன்.

அவகிட்டச் சொன்னேனா? சொன்னேன்.

கொஞ்சம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் 'பாய் என்ன சொன்னாரு'ன்னு கேட்டா. அவளும் மூணு நாளா இருட்டுல போய் வந்தவதான, கேக்க மாட்டாளா? நான் எல்லாத்தையும் சொன்னா, வெயில்ல வச்சதால வந்த வெனைன்னும் சொல்லணும்லா. ஓட்டு மேல வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு அவ எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. அதனால, 'தட்டுனா வந்துரும்னு சொன்னாரு'ன்னுட்டேன்.

இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, அது பொய்யா? தட்டுனா வரும்தான? தட்டாதன்னுதான சொன்னாரு, தட்டுனா வராதுன்னு சொல்லலையே.

சரி. பொய்தான்.

இன்னைக்கு விடியக்காலமும் நான் ஒறங்குத மாதிரிக் கெடந்தேன், அவளே போய் மோட்டாரு போட்டுட்டு வந்துட்டா. பொறவு காலைல அவ துவைக்கிற கல்லுல துணி தொவைச்சுக்கிட்டு இருந்தா. நான் வெந்நி போட்டு எடுத்துட்டுப் போனேன். எவர்சில்வர் டம்ளர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா வெந்நியில வைப்போம்லா, அந்த யோசனை. லைட்டு மேல வெந்நியை ஊத்துனேன். உள்ள ஏதோ சுர்ருன்னுச்சு. நல்ல சத்தம், எளகுதுன்னு நெனச்சேன். அவ வந்து புடிச்சுக்கிட்டா. நான் அம்மிக்குழவியை எடுத்தேன். ஒண்ணு போட்டேன். அசையல. ரெண்டு போட்டேன்.

அவ கேட்டா, 'பாய் இப்படித்தான் தட்டச் சொன்னாரா'ன்னு.

ஆமாட்டின்னேன்.

பொறவு… அண்ணாச்சி, கதவு அடைச்சுதான இருக்கு? பொறவு நான்தான் சொன்னேன். 'ஏளா, உள்ள பாரு, அசையுதான்னு பாத்துச் சொல்லு'ன்னு. அவ குனிஞ்சு பாத்தா. அவ பாத்துக்கிட்டு இருக்கையிலயே நான் மூணாவது அடியைப் போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதீங்க. கை ஓங்கியிருந்துச்சு. போட்டுட்டேன்.

டப்புன்னு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்ல, கடலை மிட்டாய் டப்பா மூடி தொறக்குமே, அந்த அளவுதான். அவ கத்தல. கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. லைட்டைக் கீழ வச்சா, போடல, வச்சா. ஒரு கையால கண்ணைப் பொத்திக்கிட்டு 'தண்ணி'ன்னா.

நான் ஓடுனேன். தண்ணி எடுக்க இல்ல, அண்ணாச்சி. இன்னொரு தடவை வெடிக்கும்னு நெனச்சு மரத்துக்குப் பின்னால ஓடிட்டேன். முள்ளு கையெல்லாம் கீறிட்டு, இந்தா பாருங்க. முள்ளுன்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல.

அங்கனேருந்து பாக்கேன். அவளே தட்டுத் தடுமாறி தொட்டிக்குப் போயி, செம்பால மோந்து மோந்து கண்ணுல ஊத்துதா. கண்ணை ரெண்டு விரலால விரிச்சுப் புடிச்சுக்கிட்டு ஊத்துதா. சின்னப் பிள்ளையில வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனவ, சுண்ணாம்பு பட்டா என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும். தொட்டியில பாதித் தண்ணி தீந்துட்டு. அப்பதான் நான் வெளிய வந்தேன். அதுக்குள்ள பக்கத்துத் தோப்புலேருந்து பழ மூட்டை ஏத்திக்கிட்டு லோடு ஆட்டோ வந்துச்சு. அதுல ஏத்தி, மூட்டை மேல உக்கார வச்சு இங்கன கொண்டாந்தோம். வழி நெடுகக் கடைக்குக் கடை நிப்பாட்டித் தண்ணி பாட்டில் வாங்கச் சொல்லி, ஊத்திக்கிட்டே வந்தா. மூட்டை நனையுதுன்னு டிரைவர் ஏசுனான். நானும் ஏசுனேன், 'போதும்ட்டி, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்லா'ன்னு. அவ கேக்கல. அவ எப்பவும் அப்படித்தான், சொன்ன பேச்சு கேக்க மாட்டா.

அந்த மூணாவது கட்டை பாதி வெளிய வந்து நிக்கு. மேல சுத்துன தாளு கிழிஞ்சு தொங்குது. ஆவணி ஒம்பதுன்னு பெருசா போட்டிருக்கு, நல்லா வாசிக்கலாம். யாரு சுத்துனாளோ சவத்தை.

எங்க வீட்டுல காலண்டர் கிழிக்கிறது நான்தான். அவ தொட மாட்டா.

என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? இப்பவேயா? உள்ள போயா? முள்ளு வேற, காரம் வேற, மருந்தும் வேறன்னா, நான் சொன்னதை நம்பிக்கிட்டு முள்ளுக்கு மருந்து போடுவாங்களோ? அந்தக் கண்ணுல இப்ப முள்ளைத் தேடிக்கிட்டு இருக்காங்களோ? அய்யோ, ஏழு பாட்டிலும் அதுக்குத்தானா? இல்லாத முள்ளைக் கழுவிக் கழுவித் தேடுதாங்களோ?

நீங்க கூட வாரீங்களா? வர முடியாது, அம்மாவைக் கூப்பிடுவாங்க, சரிதான். கண்ணு போயிட்டா அவ முன்னால நான் எப்படி நிக்க? போலீஸ் வந்தா வரட்டும். போறேன். பையைப் பாத்துக்கிடுங்க. தொடாமப் பாத்துக்கிடுங்க.

*

வந்துட்டேன். தண்ணி இருக்கா? ஒரு மடக்கு தாங்க. போதும்.

டாக்டரம்மா சின்ன வயசு, நம்ம மக வயசுதான் இருக்கும். கதவைத் தள்ளிக்கிட்டுப் போயி நின்னதும் எனக்கு அழுகை வந்துட்டு. 'அம்மா, முள்ளு இல்லம்மா, பேட்டரித் தண்ணிம்மா, நான்தாம்மா தட்டுனேன், பாருன்னு சொன்னதும் நான்தான்'னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். கேஸ் போடணும்னா எம்மேல போடுங்கன்னேன். அந்த அம்மா என்னைய ஓரமாக் கூப்பிட்டுக்கிட்டுப் போயி உக்கார வச்சாங்க.

'தெரியும்யா'ன்னாங்க.

'வந்த உடனேயே அந்தம்மா சொல்லிட்டாங்க. பேட்டரித் தண்ணி, சுண்ணாம்பு மாதிரி எரியுது, வழியெல்லாம் கழுவிக்கிட்டு வந்தேன்னு. நாங்களும் காரம் பட்டா நிறம் மாறுற ஒரு தாளைக் கண்ணுல வச்சுப் பாத்தோம், காரம்தான். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கழுவுறோம்'னாங்க. கருவிழி ஓரத்துல கொஞ்சம் வெந்திருக்காம். ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் சொல்ல முடியுமாம். ஆனா தப்பிச்சிரும்னு நெனைக்காங்களாம். அவ உடனே தண்ணி ஊத்துனதாலதான் இந்த அளவுன்னு சொன்னாங்க. நான் வழியில 'போதும்'னு ஏசுனதை அவங்ககிட்டச் சொல்லல.

பொறவு அந்த டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க, அண்ணாச்சி.

'உங்க வீட்டம்மா இன்னொண்ணும் சொன்னாங்கய்யா. எங்க வீட்டுக்காரரு வெளிய வேற என்னமோ சொல்லியிருப்பாரு. நீங்க கேட்டதா காட்டிக்கிடாதீங்க, அவரு பயந்த சுபாவம், ஒரேயடியாப் பயந்துருவாருன்னு.'

பயந்த சுபாவம். முப்பது வருசமா தெரிஞ்சு வச்சிருக்கா, அண்ணாச்சி. முழங்கால் வலியைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல. தைலம்கூட எடுத்துத் தந்தா.

அவளைப் பாக்க விட்டாங்க. படுத்திருக்கா. ஒரு கண்ணு மூடிக் கட்டியிருக்கு, தலைமுடியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. நான் வந்த சத்தத்துல இன்னொரு கண்ணைத் தொறந்து பாத்தா. பாத்துட்டு, நல்லாக் கேட்டுக்கிடுங்க, மெதுவா என்னையக் கிட்டக் கூப்பிட்டா. 'என்ன சொன்னீங்க வெளிய?'ன்னு கேட்டா.

முள்ளுன்னு சொன்னேன்னேன்.

'நானும் முள்ளுன்னுதான் சொல்லியிருக்கேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க'ன்னா.

டாக்டரம்மா அங்கனதான் நிக்காங்க, செவரப் பாத்துக்கிட்டு. அவ கையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் கையிலயும் அந்தத் தண்ணி பட்டு செவந்து போயிருக்கு. சொல்லணும்னுதான் இருந்துச்சு, பாய் தட்டச் சொல்லல, தட்டாதன்னாரு, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு. வாய் தொறந்தேன். அதுக்குள்ள அவ, 'நாளைக்கு விடியக்கால மோட்டாரு யாரு போடுவா?'ன்னு கேட்டா.

நான் போடுதேன்னேன்.

அவ என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, இருக்க ஒரு கண்ணால.

சிஸ்டர் கூப்பிடுதுல்லா? ஆமா, என்னையத்தான். பகல்ல மணிக்கு ஒரு தடவை கண்ணுல சொட்டு மருந்து விடணுமாம், கூட இருக்க ஆளுதான் விடணுமாம், எப்படின்னு காட்டித் தாரேன்னாங்க. தட்டுன இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படி விட? விடத்தான் வேணும். உள்ள போனதும் மொதல்ல அவகிட்டச் சொல்லிருவேன். பாய் சொன்னது அத்தனையும் சொல்லிருவேன். பொறவுதான் மருந்து.

ஒரு நிமிசம் அண்ணாச்சி. அந்தப் பை. சிஸ்டர்கிட்டக் கேட்டு எங்கயாவது பத்திரமா வைக்கச் சொல்லுதேன், அது வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிடணும். யாரையும் தொட விடாதீங்க. வெறுங்கையால எடுக்கக் கூடாது, ரப்பர் உறை மாட்டணும். கண்ணுக்குக் கண்ணாடி போடணும். தட்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது, இரும்புக் கம்பியை விட்டு நோண்டக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டு, நுரை அடங்குத வரைக்கும் பொறுத்திருந்து, கண்ணாடிப் பக்கத்தைக் கழத்திட்டு, மரக்குச்சியால மெதுவாத் தள்ளணும். வரலைன்னா லைட்டோட தூக்கிப் போட்டுரணும், தீயில மட்டும் போடக் கூடாது. எதுக்காகவும் குனிஞ்சு உள்ள பாக்கக் கூடாது. பாய் கடை வாசல்ல நின்னு சொன்னாருல்லா, அது இவ்வளவுதான். எல்லாம் ஞாபகம் இருக்கு பாத்தீங்களா, ஒரு வார்த்தை விடல. நேத்து அவ கேக்கையில இந்த வாயி எங்க போச்சு, அண்ணாச்சி?